அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு மலை சைக்கிள்: நண்பர்களோடு ஏறவும் பத்திரமாக இறங்கவும்

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,300 முதல் 1,500 மீட்டர் வரை மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் மேட்டுநிலம். கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டி அடிவாரம் சோதனைச்சாவடியில் தொடங்கினால் ஏரிக்கரை வரை ஏறக்குறைய 20 கிலோமீட்டர். வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மொத்தத்தில் ஆயிரம் மீட்டரை ஒட்டி ஏற வேண்டியிருக்கும். சராசரியாக நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஏற்றம். மலைப்பாதைகளில் இது மிதமான கணக்குதான். இடையில் மூச்சு விடச் சமதளம் அதிகம் கிடைக்காது என்பதுதான் சிரமம்.

இன்னொரு வழி அயோத்தியாப்பட்டணம் பக்கமிருந்து குப்பனூர், கொட்டச்சேடு வழியாகப் போவது. சாலை குறுகல், சில இடங்களில் ஏற்றம் செங்குத்து, வண்டி நடமாட்டம் குறைவு. முதல் தடவை ஏறுகிறவர்களை அந்தப் பக்கம் கூட்டிப்போக வேண்டாம். அடிவாரம் பாதையை நிற்காமல் ஏறப் பழகிய பிறகு குப்பனூரைப் பார்க்கலாம்.

கியர் கணக்கு

சைக்கிள் விலை உயர்ந்ததா என்பதை விட்டுவிட்டு முதலில் பல் எண்ணுங்கள். செயின் ஓடும் பல்சக்கரங்களில், முன்னால் பெடல் பக்கம் இருக்கும் மிகச் சின்னதின் பல் எண்ணிக்கையை, பின்னால் இருக்கும் மிகப் பெரியதின் பல் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 0.7 அல்லது அதற்குக் கீழே வந்தால் இந்த மலைக்குப் போதும். முன்னால் மூன்று பல்சக்கரம் உள்ள சாதாரண மலை சைக்கிளில் 24 பல்லும் பின்னால் 34 பல்லும் இருந்தால் 0.7. முன்னால் ஒரே ஒரு 32 பல், பின்னால் 50 பல் என்றால் 0.64. ஆனால் பின்னால் 28 பல்லோடு நிற்கும் பழைய சைக்கிளில் முன்னால் 28 போட்டால் கணக்கு 1.0. அதில் ஏறவே முடியாது என்றில்லை. பத்தாவது வளைவுக்குள் முட்டி பேச ஆரம்பித்துவிடும், அவ்வளவுதான்.

இந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று பார்ப்போம். 27.5 அங்குலச் சக்கரம், 2.1 அங்குல டயர் என்றால் ஒரு சுற்றுக்கு சுமார் 2.15 மீட்டர் ஓடும். 24/34 கியரில் பெடல் ஒரு சுற்று சுற்றினால் ஒன்றரை மீட்டர். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு 6.4 கிலோமீட்டர். வேகமாக நடப்பவரின் வேகம்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்தக் கியர் இல்லாதவர் அதே ஏற்றத்தில் நிமிடத்துக்கு 45, 50 சுற்று என்று அழுத்தி மிதிப்பார். ஒவ்வொரு மிதிக்கும் தொடையும் முட்டியும் அதிக பாரம் தாங்கும். ஒரு மணி நேரம் கழித்து கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்போது தண்ணீர் குடிக்கவில்லை என்று காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் பல் கணக்குதான்.

பின்சக்கரப் பல்லை மாற்றப் போகிறவர்கள் கவனிக்க ஒன்று உண்டு. பின் டிரெயிலர் (derailleur, செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவி) எத்தனை பல் வரை தாங்கும் என்பது அதன் மாடலுக்கு மாடல் வேறுபடும். 32 வரை தாங்கும் டிரெயிலரில் 40 பல் போட்டால் மேல் புல்லி பல்லில் உரசும், கியர் ஏறாது. கடைக்காரர் "ஓடும்ணா" என்று சொன்னாலும், பெரிய பல்லில் போட்டு, ஸ்டாண்டில் தூக்கி வைத்து, உங்கள் கண்முன் பெடலைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

முந்தின நாள் இரவு பார்க்க வேண்டியவை

காலை நாலரை மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் எதையும் சரிபார்க்க முடியாது. வெள்ளி அல்லது சனி இரவே உட்கார்ந்துவிடுங்கள்.

முதலில் செயின். ஸ்கேலை வைத்து 12 முழுக் கண்ணிகளை (ஒரு உள்கண்ணியும் ஒரு வெளிக்கண்ணியும் சேர்ந்தது ஒன்று) அளந்தால் புதுச் செயினில் 304.8 மில்லிமீட்டர் வரும். 11, 12 கியர் செயின் (பின்னால் எத்தனை பல்சக்கரமோ அத்தனை கியர்) 306.3 தொட்டால் மாற்ற வேண்டும். 8, 9 கியர் செயினை 307 வரை ஓட்டலாம். தேய்ந்த செயின் சமதளத்தில் எதுவும் காட்டாது. ஏற்றத்தில், சின்னக் கியரில், முழு பாரத்தோடு மிதிக்கும்போதுதான் பல்லிலிருந்து துள்ளி வழுக்கும். அப்போது முட்டி ஹேண்டிலில் மோதும். எண்ணெய் போடுவதையும் இரவே முடித்துத் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். காலையில் அவசரமாக ஸ்பிரே அடித்தால் அது பின் டிஸ்க்கில் படும். டிஸ்க்கில் எண்ணெய் பட்டுவிட்டால் பிரேக் கூச்சலிடும், ஆனால் பிடிக்காது. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட சுத்தமான துணியால் டிஸ்க்கைத் துடைக்கலாம். டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் பேட் ஊறிப்போயிருந்தால் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்தது பின் டிரெயிலரின் உள்பக்க வரம்பு. சைக்கிளைத் தூக்கிப் பிடித்து மிகப் பெரிய பல்லுக்கு ஏற்றுங்கள். கியர் லீவரை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பாருங்கள். செயின் ஸ்போக் பக்கம் தாண்டிப் போகப் பார்த்தால் 'எல்' என்று குறித்த திருகைக் கால் கால் சுற்றாக இறுக்குங்கள். அடிவாரம் வரை சைக்கிளைக் காரிலோ குட்டியானையிலோ படுக்கவைத்துக் கொண்டு வருகிறவர்களுக்கு இது மிக முக்கியம். வண்டியில் மேலே இன்னொரு சைக்கிள் அழுத்தினால் டிரெயிலரைத் தாங்கும் சின்ன அலுமினிய ஹேங்கர் வளைந்துவிடும். வளைந்தது கண்ணுக்குத் தெரியாது. பெரிய பல்லுக்கு மாற்றும் அந்த ஒரு நொடியில் டிரெயிலர் ஸ்போக்கில் சிக்கி, ஹேங்கர் உடைந்து, ஸ்போக்கும் நாலைந்து போய்விடும். அன்றைய பயணம் அதோடு முடிந்தது. சைக்கிளை எப்போதும் டிரெயிலர் பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வைத்து, வண்டியிலிருந்து இறக்கியதும் கியரை ஒரு தடவை முழுக்க ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

டயர் காற்று: முழுக்கத் தார் சாலை என்றால் 2.1, 2.2 அங்குல டயருக்கு, 70 கிலோ எடை உள்ளவருக்கு 40 முதல் 45 பி.எஸ்.ஐ. டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டக்கூடாது. மேலே போய் எஸ்டேட் பக்கம் மண் பாதையில் ஓட்டப்போகிறீர்கள் என்றால் அங்கே போய் 28, 30 வரை இறக்கிக்கொள்ளலாம். டியூப் உள்ள சக்கரத்தில் அதற்கும் கீழே போனால் கல்லில் ஏறும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல ஜோடியாக இரண்டு ஓட்டை விழும். காற்றைக் குறைத்தவர் திரும்ப அடிக்கப் பம்ப் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் நினைப்போம். ஆனாலும் சொல்கிறோம்.

சீட் உயரத்தைப் பலரும் தாழ்வாகவே வைக்கிறார்கள், கால் தரையில் படவேண்டும் என்பதற்காக. சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தால், பெடல் கீழே இருக்கும்போது கால் முழுசாக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முட்டி இலேசாக மடங்கியிருக்கும். அதுதான் ஏற்றத்துக்கான உயரம். சீட் கம்பியில் அந்த இடத்தில் கறுப்பு டேப் ஒரு சுற்று சுற்றி வையுங்கள். இறங்கும்போது மூன்று, நான்கு சென்டிமீட்டர் தாழ்த்தினால் உடம்பைப் பின்னால் கொண்டுபோக வசதியாக இருக்கும். அடுத்த தடவை ஏறும்போது டேப்பைப் பார்த்துப் பழைய இடத்துக்கே உயர்த்திவிடலாம்.

குழுவுக்குச் சேர்த்து ஒரு பை

ஆளுக்கு ஒரு டியூப். அதைக் கூட்டுக் கணக்கில் விடாதீர்கள். வால்வு எந்த வகை என்று பார்த்து வாங்குங்கள். பைக் டியூபில் இருப்பதுபோன்ற தடித்த வால்வுக்கான ரிம் ஓட்டையில் மெல்லிய வால்வு நுழையும், ஆனால் ஆடும். மெல்லிய வால்வு ஓட்டையில் தடித்தது நுழையவே நுழையாது. அவசரத்துக்கு 27.5 டியூபை 29 சக்கரத்தில் போட்டு ஊருக்கு வந்து சேரலாம்.

மற்றதெல்லாம் குழுவுக்கு ஒன்று போதும்: டயர் லீவர் இரண்டு, பஞ்சர் ஒட்டும் பொட்டலம், கைப்பம்ப், 4, 5, 6 மில்லிமீட்டர் ஆலன் சாவி, டிஸ்க் திருகுக்கு டி-25 நட்சத்திரச் சாவி, செயின் கட்டர், கேபிள் டை பத்து, மின் வேலைக்கான டேப், பிரேக் பேட் ஒரு ஜோடி. அறுந்த செயினைச் சேர்க்கும் பூட்டுக் கண்ணி மட்டும் கியர் எண்ணிக்கைக்கு ஏற்ப வேண்டும். 9 கியர் கண்ணி 12 கியர் செயினில் உட்காராது. இந்தப் பை கடைசியில் வருகிறவரிடம் இருக்க வேண்டும். முன்னால் பறக்கிறவரிடம் இருந்தால் பஞ்சரானவர் பதினாறாவது வளைவிலும் பம்ப் ஏரிக்கரையிலும் இருக்கும்.

இவை ஆளுக்கு ஒன்று: விரல் முழுக்க மூடும் கையுறை, பின்னால் மினுக்கும் சிவப்பு விளக்கு, முன்விளக்கு, ஹெல்மெட், ஒரு மெல்லிய காற்றுத் தடுப்புச் சட்டை. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஆறேழு டிகிரி குறையும். ஏறும்போது அது இதமாக இருக்கும். வியர்வையில் நனைந்த பனியனோடு இறங்கும்போது விரல் விறைத்துப் பிரேக் பிடிக்கவே சிரமப்படும்.

தண்ணீர், தீனி

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர். அடிவாரத்தில் இரண்டு பாட்டில் நிறைத்துக்கொள்ளுங்கள். நடுவழியில் கடை இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். ஒரு பாட்டிலில் வெறும் தண்ணீர். இன்னொன்றில் எலுமிச்சை, சர்க்கரை, உப்பு கலந்தது அல்லது ஓ.ஆர்.எஸ். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எத்தனை தண்ணீருக்கு என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். ஒரு லிட்டருக்கானதை அரை லிட்டரில் கரைத்தால் தாகம்தான் கூடும்.

ஆளும் சைக்கிளும் பையும் சேர்த்து 90 கிலோ எடையை ஆயிரம் மீட்டர் தூக்க உடம்பு ஆயிரம் கலோரியை ஒட்டிச் செலவழிக்கும். கிளம்ப ஒரு மணி நேரம் முன்னால் மூன்று இட்லி அல்லது இரண்டு வாழைப்பழம். பொங்கலும் வடையும் வேண்டாம், நெய் வயிற்றிலேயே நிற்கும். ஏற ஆரம்பித்து 40 நிமிடம் ஆனதும் பசிக்காவிட்டாலும் ஏதாவது வாயில் போடுங்கள்: பேரீச்சை நாலைந்து அல்லது கடலை மிட்டாய். பசி வந்த பிறகு சாப்பிட்டால் அது காலுக்குப் போய்ச் சேர அரைமணி நேரம் ஆகும். அதற்குள் தலை சுற்றும். தீனியை வளைவுகளில் குரங்கு உட்கார்ந்திருக்கும் இடத்தில் பிரிக்காதீர்கள். கையில் பாலித்தீன் உறையைப் பார்த்தாலே வந்துவிடும்.

எப்போது கிளம்புவது

அடிவாரத்தில் விடியலுக்குக் கொஞ்சம் முன்னால் நிற்க வேண்டும். பாதை சேலத்தைப் பார்த்த தெற்குச் சரிவில் இருப்பதால் வெயில் சீக்கிரம் விழும். சனி, ஞாயிறுகளில் எட்டு மணிக்கு மேல் சுற்றுலா வண்டிகள் வரிசை கட்டும். முதல் தடவை ஏறுகிறவருக்கு இரண்டரை மணி நேரம், பழகியவருக்கு இரண்டு மணிக்குள். எட்டு மணிக்கு மேலே இருக்க வேண்டுமென்றால் ஐந்தரைக்குள் பெடல் மிதிக்க வேண்டும்.

மே மாதக் கோடை விழா, மலர்க் கண்காட்சி நாட்களில் போகாதீர்கள். அந்த நாட்களில் அடிவாரம் வழியாக ஏறவும் குப்பனூர் வழியாக இறங்கவும் ஒருவழிப் பாதையாக மாற்றுவது வழக்கம். ஏறிய வழியே இறங்கலாம் என்று காரை அடிவாரத்தில் விட்டவர்கள் மாட்டிக்கொள்வார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மண்சரிவு உண்டு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையின்போது மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து தடைப்பட்டது. முந்தின இரவு கனமழை என்றால் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். மழை நின்றிருந்தாலும் ஊறிய சரிவிலிருந்து கல் உருள்வது நிற்காது. சைக்கிளுக்கு நல்ல மாதங்கள் ஜனவரியும் பிப்ரவரியும். காலைப் பனிமூட்டத்தில் விளக்கு மட்டும் எரிய வேண்டும்.

ஏறுவது

முதல் ஐந்து வளைவுகளில் யாரும் யாரையும் முந்தக்கூடாது. இந்த ஒரு விதியைக் கறாராக வைத்தால் மற்றதெல்லாம் தானாக நடக்கும். காலை குளிர், கால் புதுசு, பக்கத்தில் நண்பன். எல்லோருக்குமே வேகம் வரும். மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். "மாப்ள, ராத்திரி எத்தனை மணிக்குடா தூங்குன?" என்று கேட்டு, பதில் "பத்து... மணி..." என்று துண்டு துண்டாக வந்தால் அவர் இப்போதே அளவுக்கு மீறிப் போகிறார். முதல் 20 நிமிடத்தில் தசையில் ஏறிய அழுத்தம் பிறகு மெதுவாக ஓட்டினாலும் சீக்கிரம் இறங்காது. பதினான்காவது வளைவில் இறங்கி சைக்கிளைத் தள்ளுகிறவர்கள் பெரும்பாலும் நாலாவது வளைவில் முன்னால் இருந்தவர்கள்தான்.

வளைவுக்கும் கணக்கு உண்டு. நாம் சாலையின் இடப்பக்கம் போகிறோம். ஏறும்போது இடது பக்கம் திரும்பும் கொண்டை ஊசியில் நமக்குக் கிடைப்பது உள்வட்டம். தூரம் குறைவு, ஏற்றம் மிகச் செங்குத்து. வலது பக்கம் திரும்பும் வளைவில் வெளிவட்டம் கிடைக்கும், ஏற்றம் சாதுவாக இருக்கும். ஆகவே இடது வளைவுக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் முன்னாலேயே ஒன்றிரண்டு கியர் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் போன பிறகு, பாரத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் கரகரவென்று முரண்டு பிடிக்கும், சில சமயம் அறுந்தும் போகும். மாற்றும் அந்த அரைச் சுற்றுக்கு மட்டும் பெடல் அழுத்தத்தைத் தளர்த்தப் பழகுங்கள். வலது வளைவில் கிடைக்கும் சாதுவான வெளிவட்டத்தை வேகம் கூட்டச் செலவழிக்காமல், தண்ணீர் குடிக்கவும் மூச்சைச் சமப்படுத்தவும் வைத்துக்கொள்ளுங்கள்.

பேருந்து விஷயத்தில் வீம்பு கூடாது. கொண்டை ஊசியில் இறங்கும் பேருந்துக்கு முழுச் சாலையும் வேண்டும். அதன் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் வராது, உள்பக்கம் வெட்டி வரும். ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்னாலேயே ஓரத்தில் நின்று, அது கடந்த பிறகு ஏறுங்கள். மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்று விதி இருக்கிறது. அந்த விதியை நம்பி வளைவுக்குள் நுழைகிற சைக்கிள்காரரை ஓட்டுநர் பார்த்திருக்க வேண்டுமே!

பெரும்பாலும் உட்கார்ந்தே மிதியுங்கள். எழுந்து நின்று மிதித்தால் வேகம் வரும், இதயத்துடிப்பும் சேர்ந்து ஏறும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இருபது முப்பது மிதி எழுந்து மிதிப்பது முதுகுக்கு நல்லது. எழும் முன் ஒரு கியர் கடினமாக்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பெடல் சும்மா விழும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில், அதன் மேல்கீழ் ஆட்டத்தை நிறுத்தும் பூட்டு இருந்தால் தார் சாலையில் பூட்டிவிடுங்கள். பூட்டாத ஃபோர்க் ஒவ்வொரு மிதிக்கும் மேலும் கீழும் ஆடி உங்கள் உழைப்பை விழுங்கும்.

நின்றுவிட்டால் ஏற்றத்தில் திரும்பக் கிளம்புவது புதியவர்களுக்குப் பெரிய தலைவலி. முன்சக்கரத்தை நேரே மேட்டைப் பார்த்து வைக்காமல், பின்னால் வண்டி வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, சாலைக்குக் குறுக்காகச் சாய்த்து வையுங்கள். பின்பிரேக்கைப் பிடித்தபடி ஒரு பெடலை முன்மேலே, கடிகாரத்தில் இரண்டு மணி நிற்கும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அதில் அழுத்தும்போதே பிரேக்கை விட்டுவிட்டு உட்காருங்கள். மிகச் சின்னக் கியரைவிட ஒன்று கடினமான கியரில் கிளம்பினால் முதல் மிதியிலேயே கொஞ்ச தூரம் கிடைக்கும்.

குழுவில் வேகம் ஒன்றுபோல இருக்காது. மெதுவாக ஏறுகிறவர்களை 20 நிமிடம் முன்னால் கிளப்பிவிடுவது நல்ல ஏற்பாடு. எல்லோரும் மேலே ஏறக்குறைய ஒரே நேரத்தில் சேருவார்கள், யாரும் காத்திருந்து உடம்பு சில்லிட்டுப்போக வேண்டாம். சேர்ந்தே போக வேண்டும் என்பவர்கள் 5, 10, 15 ஆகிய வளைவுகளைத் தாண்டி, அகலமான ஓரத்தில் கூடலாம். வளைவிலேயே நிற்கக்கூடாது. கடைசியாக வருகிறவர் வந்து சேர்ந்ததும் "சரி, கெளம்பலாம்" என்று எழுந்துவிடுவது பழக்கம். ஓய்வு தேவைப்படுகிறவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காமல் போகும் வழி அது. அவர் வந்து மூன்று நிமிடம் ஆன பிறகு கிளம்புங்கள்.

முதல் தடவையே உச்சி வரை போக வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒரு வாரம் ஐந்தாவது வளைவு வரை ஏறித் திரும்புங்கள். அடுத்தது பத்து, பிறகு பதினைந்து, பிறகு இருபது. இப்படிப் பழகினால் ஒவ்வொரு தடவையும் இறக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வரும்.

மேலே

ஏரிக்கரை வந்ததும் பெரும்பாலானவர்களுக்குப் போதும் என்றாகிவிடும். கால் மிச்சமிருந்தால் சேர்வராயன் கோயில் வரை போகலாம். சேர்வராயன் மலைத்தொடரின் உச்சி அது, 1,623 மீட்டர். மேலே தட்டையான திறந்தவெளி, சிவந்த மண். காய்ந்த நாளில் சரளையும், ஈரமான நாளில் சோப்புமாக நடந்துகொள்ளும் மண் அது.

மண் ஏற்றத்தில் தார் சாலைப் பழக்கம் உதவாது. எழுந்து நின்றால் பின்சக்கரத்தின் மேல் எடை குறைந்து சுழன்றுவிடும். மிகவும் பின்னால் உட்கார்ந்தால் முன்சக்கரம் தூக்கும். சீட்டின் மூக்குப் பகுதிக்கு நகர்ந்து, முழங்கையைத் தாழ்த்தி, நெஞ்சை ஹேண்டில் பக்கம் கொண்டுவந்து, ஒரே சீராக மிதிக்க வேண்டும். சரளையில் மிகச் சின்னக் கியர் வேண்டாம். ஒவ்வொரு மிதியும் வெடுக்கென்று பாய்ந்து டயரை வழுக்கவிடும்.

காப்பித் தோட்டங்களுக்குள் போகும் மண் பாதைகள் பெரும்பாலும் தனியார் நிலம். கேட்டில் கேட்டுவிட்டுப் போங்கள், பலர் விடுவார்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது வேறு கதை. 2018 மார்ச் குரங்கணி காட்டுத்தீக்குப் பிறகு மலையேற்றத்துக்கான விதிகள் கடுமையாகிவிட்டன. கோடையில் தீப்பிடிக்கும் காலம் என்பதால் வனத்துறை இன்னும் கண்டிப்பாக இருக்கும்.

அதிகாலையிலும் மாலையிலும் எஸ்டேட் ஓரங்களில் காட்டெருமை நிற்கும். பார்த்ததும் நின்றுவிடுங்கள். மணி அடிக்காதீர்கள், பக்கவாட்டில் சுற்றிப்போகப் பார்க்காதீர்கள், படம் எடுக்க நெருங்காதீர்கள். அது வழிவிடும் வரை காத்திருங்கள், இல்லையென்றால் வந்த வழியே திரும்புங்கள்.

இறங்குவது

ஏறிய மகிழ்ச்சியில் இதை யாரும் யோசிப்பதில்லை. 90 கிலோ எடை ஆயிரம் மீட்டர் இறங்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றல் சுமார் 880 கிலோஜூல். இரண்டரை லிட்டருக்கு மேல் பச்சைத்தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். இதில் ஒரு பங்கைக் காற்று எதிர்த்து எடுத்துக்கொள்ளும், ஒரு பங்கு டயர் உருளும்போது போகும், மிச்சம் அத்தனையும் பிரேக்கில் சூடாக இறங்கும்.

இங்கேதான் பயந்தவர்கள் தவறு செய்கிறார்கள். இலேசாகப் பிரேக்கைப் பிடித்தபடியே மணிக்கு 15 கிலோமீட்டரில் 20 கிலோமீட்டர் இறங்கினால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றுமில்லை. பாரம் முழுக்கப் பேட் தலையில் விழும். டிஸ்க் ஆறவே நேரம் கிடைக்காது. நேரான இடத்தில் பிரேக்கை விட்டு 25, 30 வரை உருளவிடுங்கள், காற்றே பாதி வேலையைச் செய்யும். வளைவுக்கு முன்னால், சைக்கிள் நேராக இருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் மூன்று நான்கு நொடி அழுத்திப் பிடித்து வேகத்தை 12, 15-க்குக் கொண்டுவந்து, விட்டுவிட்டு, திரும்புங்கள். வளைவுக்குள் பிரேக் பிடித்தால், அதுவும் மணல் படிந்த ஓரத்தில் முன்பிரேக்கைப் பிடித்தால், சக்கரம் கீழே வழுக்கும்.

கிளம்பும் முன் பேட்டைப் பாருங்கள். இரும்புத் தகட்டின் மேலே ஒட்டியிருக்கும் பொருள் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் புதுசு மாற்றிவிட்டே மலைக்கு வாருங்கள். அரை மில்லிமீட்டர் என்பது கடைசி எல்லை. அதில் இறக்கத்தைத் தொடங்கக்கூடாது. புதுப் பேட் போட்டால் சேலத்திலேயே சமதளத்தில் மணிக்கு 20 கிலோமீட்டரிலிருந்து நடை வேகம் வரை, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், இருபது தடவையாவது பிடித்து விடுங்கள். அதற்குப் பிறகுதான் அது முழுசாகப் பிடிக்கும். உலோகக் கலவை பேட் சூட்டைத் தாங்கும் என்று வாங்குகிறவர்கள் டிஸ்க்கில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். ரெசின் பேட் மட்டும் என்று அச்சிட்ட டிஸ்க்கில் உலோகப் பேட் போட்டால் டிஸ்க் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

கேபிள் டிஸ்க் பிரேக் உள்ளவர்களுக்கு ஒரு வேலை கூடுதல். பெரும்பாலான மாடல்களில் வெளிப்பக்கப் பேட்தான் நகரும், சக்கரப் பக்கப் பேட் அசையாது. தேயத் தேய உள்பேட்டை அதன் குமிழைத் திருகி நெருக்க வேண்டும். டிஸ்க்கில் உரசும் வரை திருகி, கால் சுற்றுப் பின்வாங்குங்கள். லீவரை முழு பலத்தோடு இழுத்தால் ஹேண்டிலுக்கும் அதற்கும் நடுவே இரண்டு விரல் இடமாவது மிஞ்ச வேண்டும். டிஸ்க் இல்லாமல் ரிம்மைப் பிடிக்கும் பழைய பிரேக் என்றால் சூடு ரிம் வழியாக டியூபுக்குப் போகும். ஐந்து வளைவுக்கு ஒரு தடவை கட்டாயம் நின்று ஆறவிடுங்கள்.

கருகிய வாடை வந்தாலோ, லீவர் முன்பைவிட ஆழமாகப் போனாலோ உடனே ஓரம்கட்டுங்கள். பத்து நிமிடம் நிழலில் நிற்கட்டும். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் கோணிவிடும். விரலால் தொட்டுப் பார்க்கவும் வேண்டாம், தோல் ஒட்டிக்கொள்ளும். ஆறிய பிறகும் ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும்) பிரேக்கின் லீவர் ஹேண்டில் வரை போய் முட்டினால் குழாயில் காற்றோ ஆவியோ இருக்கிறது. அந்த சைக்கிள் அன்று ஓட்டுவதற்கில்லை. குட்டியானை பேசி அதில் ஏற்றிக் கீழே கொண்டுபோவதற்கான காசு யாராவது ஒருவர் பையில் தனியாக இருக்கட்டும்.

ஃபோர்க்கின் பூட்டைத் திறந்துவிட்டீர்களா என்று கிளம்பும் முன் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் பின் ஒருவராக, ஐந்து நொடி இடைவெளியில் இறங்குங்கள். முன்னால் போகிறவர் சரளை, மாடு, நின்றிருக்கும் கார் எதைப் பார்த்தாலும் கத்திச் சொல்ல வேண்டும். அனுபவசாலி ஒருவர் முன்னால், இன்னொருவர் கடைசியில். புதியவர் நடுவில் இருக்கட்டும், அவரைத் துரத்தக்கூடாது. ஏரிக்கரையில் பஜ்ஜியும் பிரியாணியும் வயிறு நிறையச் சாப்பிட்டு இறங்குவதைவிட, ஒரு காப்பியோடு கிளம்பி, பசியைச் சேலத்துத் தட்டுவடை செட்டுக்கு மிச்சம் வைப்பது புத்திசாலித்தனம்.

வீடு வந்ததும்

சிவப்பு மண்ணில் ஓட்டியிருந்தால் அன்றைக்கே வாளித் தண்ணீரும் பிரஷ்ஷும் போதும். உயரழுத்தத் தண்ணீர் பீய்ச்சினால் சக்கர பேரிங்கில் இருக்கும் கிரீஸ் வெளியேறிவிடும். செயினைத் துடைத்து, காய்ந்த பிறகு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய். டயரைச் சுற்றிப் பார்த்து, பதிந்திருக்கும் கண்ணாடிச் சில்லையும் முள்ளையும் ஊசியால் தோண்டி எடுங்கள். இன்று உள்ளே போகாதது அடுத்த வாரம் போகும். பேட் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக் குறித்து வையுங்கள். ஒரு இறக்கத்துக்கு எவ்வளவு தேய்கிறது என்பது இரண்டு மூன்று தடவையில் தெரிந்துவிடும், அடுத்த ஜோடியை எப்போது வாங்க வேண்டும் என்பதும்.